அத்தியாயம் 6: ஓர் ஆறு, எல்லாப் பாடங்களும்

இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களிடம் சுற்றுச்சூழல் கல்வி என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பதில், "நேரம் எங்கே இருக்கு?" என்பதுதான். அதைச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. படிவம் 4, 5 எடுப்பவர்களுக்கு எஸ்.பி.எம். தேர்வுக்குள் பாடநூலை முடிப்பதே பெரும்பாடு. கீழ்ப்படிவங்களில் வகுப்பறை மதிப்பீடு, புறப்பாடம், கோப்பு வேலை என்று நாள் ஓடிவிடுகிறது. இதற்குமேல் இன்னொரு பாடத்தைத் தலையில் ஏற்றினால் செய்ய ஆளிருக்காது; செய்தாலும் கடமைக்குத்தான் நடக்கும்.

ஆகவே இந்த அத்தியாயம் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். புதிதாகப் பாடம் எதையும் சேர்க்க வேண்டாம். இப்போது நடத்துகிற பாடத்தில் இருக்கும் உதாரணத்தை மாற்றுங்கள். கணித நூலில் யாரோ வாங்கிய ஆரஞ்சுப் பழங்கள் வரும் இடத்தில் உங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் குப்பை வரட்டும். வேதியியலில் உப்புக் கரைசலுக்குப் பதில் நிபோங் திபாலில் ஓடும் கெரியான் ஆற்றுத் தண்ணீர் வரட்டும். கற்றல் தரம் அதேதான், தேர்வும் அதேதான். ஆண்டு முடியும்போது மாணவனின் கையில் தன் ஊரைப் பற்றிய உண்மையான கணக்கு ஒன்று இருக்கும்.

இந்த எண்ணம் புதிதன்று. சுற்றுச்சூழல் கல்வி ஒரு பாடத்துக்குள் அடங்காது, எல்லாப் பாடங்களின் வழியாகவும் வரவேண்டும் என்று 1977இல் திபிலிசியில் கூடிய யுனெஸ்கோ மாநாடே சொல்லிவிட்டது. நம் கல்வி அமைச்சின் பாடத்திட்ட மேம்பாட்டு மையம் 1998இல் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கென்று இதற்கு ஒரு கையேடே வெளியிட்டது. 2005 முதல் நிலையான பள்ளிகளுக்கான சுற்றுச்சூழல் விருதும் உண்டு. 2017இல் படிவம் 1இலிருந்து தொடங்கிய புதிய கலைத்திட்டத்திலும் விரவிவரும் கூறுகளில் ஒன்றாகச் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை இருக்கிறது. நாள் பாடத்திட்டத்தில் அதற்கென்று ஓர் இடமும் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் அது அந்த இடத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. கூறு எழுதப்படுகிறது, பாடத்தில் விரவுவதில்லை.

இந்தியா வேறு வழியில் போனது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி உத்தரவிட்டது. கல்லூரிகளில் அது தனித்தாளாகவே வந்து சேர்ந்தது. தனித்தாள் என்று வந்துவிட்டால் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல. நம் நாட்டின் வழி நல்ல வழி என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஓர் இடம் வேண்டும். எல்லாப் பாடங்களும் வந்து கூடும் ஒரே இடம்.

கையருகே இருப்பவை

நிபோங் திபாலில் படிப்பிக்கும் ஆசிரியருக்கு அந்த இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஊரை ஒட்டியே கெரியான் ஆறு ஓடுகிறது. பினாங்கு, கெடா, பேராக் மூன்று மாநிலங்களும் இந்த ஆற்றோரம் சந்திக்கின்றன. நிபோங் திபால், பண்டார் பாரு, பாரிட் புந்தார் மூன்றும் அக்கம்பக்கத்து ஊர்கள். ஒரே ஆற்றுக்கு மூன்று மாநில அரசுகள் என்பதே புவியியல் வகுப்புக்குப் போதுமான கேள்வி. மேலே ஒரு மாநிலம் கழிவை விட்டால் கீழே யார் கேட்பது?

ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. இரவில் படகில் போனால் அந்த மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுவதைப் பார்க்கலாம். வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து வந்து பார்க்கிறார்கள். கடலோரம் சுங்கை ஆச்சே பக்கத்தில் சுங்கை செனாமில் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் நடத்தும் சதுப்புநிலக் காட்டுக் கல்வி மையம் இருக்கிறது. அதே கடலோரத்தில் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு. பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் சேரும் குப்பை அங்கேதான் வந்து சேர்கிறது. ஊருக்குப் பக்கத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். சுற்றிலும் செம்பனை. இவையெல்லாம் பேருந்தில் போய்வரும் தூரத்துக்குள் இருக்கும்போது அமேசான் காட்டையும் துருவக் கரடியையும் மட்டுமே காட்டி வகுப்பை முடிப்பது நியாயமில்லை.

ஆய்வுக்கூடத்தில் மூன்று போத்தல்கள்

தொடங்குவதற்கு மிகச் சுலபமான பாடம் உயிரியல். தண்ணீரின் மாசை மெதிலீன் நீலம் கொண்டு அளக்கும் பரிசோதனை ஆசிரியர்கள் பலருக்கும் பழக்கமானது. பெரும்பாலும் மாதிரித் தண்ணீரை ஆய்வுக்கூட உதவியாளர் எங்கிருந்தாவது கொண்டுவந்து வைப்பார். மாணவர்கள் அட்டவணையை நிரப்புவார்கள். தண்ணீர் எடுக்கும் வேலையை மாணவர்களிடமே விட்டுவிடுங்கள். ஒரு குழு பள்ளிக் குழாயில் பிடிக்கட்டும். ஒரு குழு சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் எடுக்கட்டும். மூன்றாவது மாதிரியைக் கெரியான் ஆற்றுப் படகுத்துறையில் ஆசிரியரே எடுத்து வரலாம்.

ஒவ்வொரு போத்தலிலும் 100 மில்லிலிட்டர் மாதிரி. 0.1 விழுக்காடு மெதிலீன் நீலக் கரைசல் 1 மில்லிலிட்டரை ஊசியில்லாப் பீச்சுகுழலால் தண்ணீரின் அடியில் மெல்ல விட வேண்டும். மேலிருந்து சொட்டினால் காற்றும் சேர்ந்து போகும். உடனே மூடி, இருட்டான அலமாரிக்குள் வைத்து, ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். இருட்டில் ஏன் என்று மாணவர்களிடமே கேளுங்கள். வெளிச்சம் பட்டால் தண்ணீரிலுள்ள பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விட்டுக் கணக்கைக் கெடுத்துவிடும் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அந்த ஒரு பதிலில் இரண்டு பாடங்கள் ஒன்றாகி விடுகின்றன.

கால்வாய்த் தண்ணீரின் நீலம் பெரும்பாலும் முதலில் மங்கும். எச்சில் சோறு, எண்ணெய், குழம்பு ஆகியவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை வேகமாகத் தீர்க்கின்றன. ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலம் வெளுக்கிறது. குழாய்த் தண்ணீர் நீலமாகவே இருக்கும். ஆற்று நீர் எங்கே நிற்கும் என்பதுதான் வகுப்பு காத்திருக்கும் செய்தி. மழைக்குப் பிறகு எடுத்த மாதிரிக்கும் வெயில் வாரத்தில் எடுத்த மாதிரிக்கும் விடை வேறாக வரலாம். அதனால் ஆண்டில் ஒருமுறையோடு நிறுத்த வேண்டாம்.

வெளுத்த போத்தலை எவனாவது ஒருவன் எடுத்துக் குலுக்குவான். "டீச்சர், மறுபடியும் நீலமாயிடுச்சு!" என்று கத்துவான். திட்டாதீர்கள். போத்தலுக்குள் மேலே இருந்த காற்றின் ஆக்சிஜன் கலந்ததால் நிறம் திரும்பியிருக்கிறது. "அப்படின்னா ஆத்துல மீன் பிழைக்க என்ன வேணும்?" என்று அவனிடமே திருப்பிக் கேளுங்கள். ஓடுகிற ஆறு தேங்கிய கால்வாயைவிட எப்படித் தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் பாடநூலில் இல்லை. பிறகு அந்தக் குழுவைச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் அனுப்புங்கள், குறை சொல்வதற்கல்ல, எண்ணெய் வடிப்பானை எப்போது கழுவுகிறார், எச்சிலை எங்கே கொட்டுகிறார் என்று கேட்டு வருவதற்கு. அக்கா என்றோ அங்கிள் என்றோ கூப்பிட்டு மரியாதையாகப் பேசினால் அவர்களே காட்டித் தருவார்கள்.

வேதியியல் ஆசிரியருக்கும் அதே ஆறு உதவும். உப்புகள் பாடத்தில் குளோரைடு அயனியைக் கண்டுபிடிக்க நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்க்கிறோம். வெள்ளை வீழ்படிவு வருகிறது. அதையே கடல்நீர் ஏறியிருக்கும்போது எடுத்த ஆற்று நீரிலும் வற்றியிருக்கும்போது எடுத்த ஆற்று நீரிலும் செய்துபாருங்கள். எதில் அதிகம் கலங்குகிறது? கடலிலிருந்து உப்பு எவ்வளவு தூரம் ஆற்றுக்குள் ஏறி வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பெரெம்பாங் மரம் கடல்முகத்தில் நிற்காமல் உப்புக் குறைந்த மேல்பகுதியில் நிற்பதற்கும் இதுதான் காரணம்.

சேற்றில் இறங்கும் உயிரியல்

சதுப்புநிலக் காட்டில் மரவகைகள் வரிசையாக வருவது பாடநூலில் படமாகவே இருக்கிறது. கடல்முகத்தில் அப்பி-அப்பி, அதற்குப் பின்னால் பக்காவ், அதற்கும் பின்னால் தூமு, உள்ளே போகப் போக நீப்பா, நிபோங். இதைப் படம் பார்த்து மனப்பாடம் செய்யும் மாணவன் தேர்வில் எழுதிவிடுவான். ஆனால் அப்பி-அப்பியின் மூச்சுவேர்கள் ஏன் சேற்றுக்கு மேலே பென்சில் முனைபோல நிற்கின்றன என்பது அந்தச் சேற்றில் ஒரு கால் புதைந்தால்தான் மனத்தில் படியும். கறுத்த சேறு, அழுகிய முட்டை வாடை. உள்ளே ஆக்சிஜன் இல்லை. வேர் மேலே வந்து மூச்சுவிடாமல் வேறென்ன செய்யும்?

சுங்கை செனாம் மையத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் 1994இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த இலியாஸ் ஷாஃபியும் மற்ற மீனவர்களும் பல்லாண்டுகளாகக் கடலோரத்தில் கன்றுகள் நட்டு வந்திருக்கிறார்கள். அவர்கள் தாவரவியல் படித்துவிட்டுச் செய்ததில்லை. காடு போனால் இறாலும் நண்டும் மீனும் போகும் என்பது வலை சொன்ன கணக்கு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அலையைத் தாங்கும் காடு என்று மற்றவர்களும் அதன் அருமையைப் பேசத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் பிச்சாவரம் பக்கத்திலும் அதே பாடம் படிக்கப்பட்டது.

அங்கே போகும்போது கன்று நடுவதை மட்டும் செய்துவிட்டுத் திரும்பாதீர்கள். பக்காவ் மரத்தில் விதை மரத்திலேயே முளைத்து நீண்ட முருங்கைக்காய்போலத் தொங்குவதை ஒவ்வொரு மாணவனும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். அது விழும்போது சேற்றில் நட்டுக்கொள்ளவும் செய்யும், மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடவும் செய்யும். நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று அடுத்த ஆண்டு எண்ணிப் பார்ப்பதும் பாடத்தில் சேர வேண்டும். நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும் பள்ளிகள் நிறைய. எண்ண வரும் பள்ளிகள் குறைவு.

மின்மினிப் பாடம் இதோடு சேரும். மின்மினிகளின் புழுக்கள் ஆற்றோரச் சேற்றிலும் புல்லிலும் வாழும் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையைச் சுத்தமாக்குகிறோம் என்று புதரை வழித்துவிட்டுக் கான்கிரீட் போட்டால் நத்தையும் போகும், மின்மினியும் போகும். மரத்தில் மின்னுவதும் இணைசேர்வதற்கான அழைப்புத்தான்; கரையில் பலமான விளக்கு வைத்தால் அந்த அழைப்பு மறைந்துவிடும். கைப்பேசியிலுள்ள வெளிச்சமானி செயலியால் இருண்ட கரையையும் விளக்குள்ள கரையையும் அளந்து ஒப்பிடுவது இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு நல்ல செயல்திட்டம்.

கணிதம்

கணிதத்துக்குச் சுற்றுச்சூழலோடு தொடர்பில்லை என்று நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. எண்கள் இல்லாத சுற்றுச்சூழல் பேச்சு வெறும் வருத்தம்தான். ஆகவே இந்த முயற்சியில் கணித ஆசிரியர் இல்லாவிட்டால் தொடங்கவே வேண்டாம் என்பேன்.

மிக எளிய கணக்கு மழை. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். 50 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கட்டடத்தின் கூரை 1,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 30,000 லிட்டர் இறங்கும். வகுப்பில் இந்த விடை வரும்போது சத்தம் கேட்கும். அடுத்த கேள்வி: அந்தத் தண்ணீர் எங்கே போனது? மாணவர்கள் கால்வாயைப் பின்தொடர்ந்து நடந்து, அளவுப்படம் வரைந்து காட்டட்டும். படிவம் 3 அளவுப்படப் பாடம் அங்கே முடிகிறது. தார்ச்சாலையும் சிமெண்டும் பெருகப் பெருகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஒரே நேரத்தில் கால்வாய்க்கு வந்து சேருவதுதான் திடீர் வெள்ளத்தின் காரணங்களில் ஒன்று. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கு முழுவதையும் புரட்டிப்போட்ட வெள்ளம் பெற்றோர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. வீட்டில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

இதற்கு விடையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகம் செம்பனைத் தோட்டமாக இருந்த சமநிலத்தில் எழுந்தது. அங்குள்ள ஆற்றுப் பொறியியல் ஆய்வு மையம் வழக்கமான சிமெண்டுக் கால்வாய்களுக்குப் பதில் புல் வளர்ந்த ஆழமற்ற வாய்க்கால்களையும் அவற்றின் அடியில் தண்ணீரைத் தேக்கி மெல்ல விடும் அமைப்புகளையும் குளங்களையும் ஈரநிலத்தையும் கொண்ட வடிகால் முறை ஒன்றை உருவாக்கியது. 2003இல் தொடங்கிவைக்கப்பட்ட அந்த முறைக்கு பயோஇகோட்ஸ் என்று பெயர். மழை பெய்யும்போது தண்ணீரை விரட்டாமல் நிறுத்திவைப்பதுதான் அதன் சூத்திரம். முறையாகக் கடிதம் எழுதி அனுமதி கேட்டுப் போனால் மாணவர்கள் தங்கள் 30,000 லிட்டருக்கு ஒரு பதிலைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம்.

படிவம் 5இல் முக்கோணவியல் சார்புகளின் வரைபடம் வருகிறது. மலாக்கா நீரிணையில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏற்றவற்ற அட்டவணையிலிருந்து ஒருநாளின் உயரங்களை எடுத்து வரைந்தால் சைன் வளைகோட்டைப் போன்ற வடிவம் தானாகவே எழுந்து வரும். அந்த வரைபடத்தை வைத்தே வேதியியல் குழு எந்த மணிக்கு ஆற்று நீர் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்யட்டும். ஒரு பாடத்தின் விடை இன்னொரு பாடத்தின் கேள்வியாக மாறுவதைத்தான் விரவுதல் என்கிறோம்.

குப்பைக் கணக்கு

2022 ஜனவரியில் புலாவ் பூரோங் கிடங்கில் தீப்பிடித்தது. நாள்கணக்கில் புகைந்தது. கிடங்குக்கு அருகிலுள்ள பைராம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்தப் புகையின் நாற்றம் நன்றாகத் தெரியும். இதை வகுப்பில் பேசும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, அந்தப் புகையில் வாழ்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம். அவர்களைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது, பேச விரும்பினால் பேசட்டும். இரண்டு, கிடங்கு நடத்துபவர்கள்மேல் பழி சுமத்துவதில் பாடம் முடிந்துவிடக் கூடாது. அந்தக் குப்பையில் நம் பள்ளியின் குப்பையும் இருக்கிறது.

ஆகவே முதலில் பள்ளியின் குப்பையை நிறுக்க வேண்டும். ஐந்து பள்ளி நாள்கள், ஒரு தராசு, கையுறை, முகக்கவரி. உணவுக் கழிவு, நெகிழி, தாள், மற்றவை என்று நான்கு குவியல். படிவம் 2 மாணவர்கள் சராசரி, இடைநிலை, முகடு கண்டுபிடிக்கட்டும். படிவம் 4 மாணவர்கள் பரவலளவைக் கணக்கிடட்டும். வெள்ளிக்கிழமை ஏன் எடை குறைகிறது என்று ஒரு கேள்வி எழும். நம் நாட்டுக் குப்பையில் மிகப் பெரிய பங்கு உணவுக் கழிவு. காற்றில்லாமல் மட்கும்போது அதிலிருந்துதான் மீத்தேன் வருகிறது. அந்த வாயுவைப் பற்றிக் கார்பன் சேர்மப் பாடத்தில் வேதியியல் ஆசிரியர் சொல்லும்போது கிடங்குத் தீயை அணைக்க ஏன் அத்தனை நாள் ஆகிறது என்பது விளங்கும். தீ மேலே மட்டும் எரிவதில்லை, உள்ளேயும் எரிகிறது.

பொருளியல், வணிகவியல் ஆசிரியர்களுக்கு நெகிழிப்பை ஒரு தயார்நிலைப் பாடம். பினாங்கு 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவசப் பையை நிறுத்தியது. 2011 முதல் எல்லா நாள்களுக்கும் அது வந்தது. அப்போது ஒரு பைக்கு 20 சென் கட்டணம். 2016 ஜூன் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்ற விதி. விலை வைத்தால் பழக்கம் மாறுமா, விதி வைத்தால் மாறுமா? நிபோங் திபால் சந்தையில் ஒரு காலை நின்று யார் துணிப்பை கொண்டுவருகிறார்கள், யார் நெகிழிப்பை வாங்குகிறார்கள் என்று எண்ணி வந்தால் பாடநூலின் தேவைக் கோடு உயிர்பெறும்.

வரலாறு

பேசப்படாத பாடம் இது. சுற்றுச்சூழல் என்றாலே நிகழ்காலத்தைத்தான் நினைக்கிறோம். ஆனால் நிபோங் திபாலைச் சுற்றியுள்ள நிலம் ஒரு பெரிய மாற்றத்தின் பதிவு. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி கரும்பு நாடு. கடலோரச் சதுப்பை வரப்புக் கட்டித் தண்ணீர் வடித்து ஐரோப்பிய முதலாளிகள் கரும்புத் தோட்டங்கள் போட்டார்கள். அந்த வேலைக்கு நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தமுறை 1910இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இப்போது பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வருகிறது. பைராம், கலிடோனியா போன்ற தோட்டப் பெயர்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

இதைப் படிவம் 3 வரலாற்றில் காலனிய ஆட்சிப் பாடத்தோடு சேர்க்கலாம். கேள்விகளை மாணவர்களுக்குக் கொடுங்கள். சர்க்கரை ஆலைக்கு விறகு எங்கிருந்து வந்திருக்கும்? சதுப்பை வடித்தபோது மீன் எங்கே போனது? ரப்பர்த் தோட்டத்தில் இருந்த பறவை செம்பனையில் இருக்குமா? கையால் வெட்டிய வாய்க்கால்கள் இன்றும் தண்ணீர் கொண்டுபோகின்றனவா? நிலத்தை மாற்றியவர்களில் நம் தாத்தா பாட்டிமார்களின் உழைப்பும் உண்டு. அந்த உழைப்பைக் குறைக்காமலும் அழிந்ததை மறைக்காமலும் பேசும் பக்குவம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு உண்டு.

இன்னொரு கதை கோலா ஜூரு மீனவர் கிராமத்துடையது. 1970களில் பிறை தொழிற்பேட்டைக் கழிவால் ஜூரு ஆறு கெட்டது. மீனவர்களின் வாழ்வு சரிந்தது. 1969இல் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்த ஆண்டு 1974. சட்டம் ஒன்று எந்தச் சூழலில் பிறக்கிறது, பிறந்தபின் யார் அதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைக் காட்ட இதைவிட அருகில் வேறு கதை இல்லை. சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்திய எஸ்.எம். முகமது இத்ரீஸ் 2019இல் மறைந்தார்; அவர் பெயரை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்மொழி

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு எந்த நேரம் கிடைக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பல பள்ளிகளில் அட்டவணைக்கு வெளியேதான். ஆனாலும் இந்தத் திட்டத்தின் நாக்கு தமிழ் வகுப்புத்தான். அறிவியலையும் கணிதத்தையும் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் மாணவன் தான் கண்டதைத் தன் பாட்டிக்குச் சொல்லும் மொழியும், பாட்டி அறிந்ததைக் கேட்கும் மொழியும் இதுவே.

"மழை" என்றதும் வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து ஒரு குறளை ஒப்பிக்கவைத்துக் கடந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. குறள் இருக்கட்டும். அதோடு கூரை மழைக்கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு நெய்தல் திணையின் கண்டலும் தாழையும் புன்னையும் வெறும் பெயர்ப்பட்டியலாக இருக்கின்றன. சுங்கை செனாமில் பக்காவ் மரத்தைக் காட்டி, இதுவும் கண்டல் இனந்தான் என்று சொன்னால் போதும்.

எழுத்துப் பயிற்சிக்கு மூன்றே வடிவங்களைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது நேர்காணல்: தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் ஒருவரிடம் ஆற்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். "தாத்தா, அப்ப ஆத்துல குளிப்பீங்களா? என்ன மீன் பிடிச்சீங்க? எந்த வருசத்துல நிறுத்தினீங்க?" பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும், மீனின் பெயரைக் கேட்டால் கதை வரும். இரண்டாவது அறிக்கை: நீலப் போத்தல் முடிவும் குப்பை எடையும் அப்படியே தரவாக இருக்கின்றன. மூன்றாவது அதிகாரப்பூர்வக் கடிதம். அடைத்துக்கொண்ட கால்வாயைப் பற்றி செபராங் பிறை மாநகர் மன்றத்துக்குத் தமிழில் எழுதிப் பழகி, மலாய் ஆசிரியரின் உதவியோடு மலாயில் மாற்றி, உண்மையிலேயே அனுப்ப வேண்டும். அனுப்பாத கடிதம் பயிற்சி மட்டுமே. பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேதியோடு கோப்பில் வையுங்கள்.

மற்றவை

உடற்கல்விக்குப் புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு போதும்: 100ஐத் தாண்டினால் திடலில் நடவடிக்கை இல்லை, 200ஐத் தாண்டினால் பள்ளிக்கே விடுமுறை. அந்த எண்ணைத் தினமும் சபைகூடலில் ஒரு மாணவர் வாசிக்கட்டும். நன்னெறிக் கல்வியில் சுற்றுச்சூழல் ஏற்கெனவே இருக்கிறது, நீட்ட வேண்டியதில்லை. கலைக்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: நெகிழிப் போத்தலில் பூ செய்யவைக்காதீர்கள். கண்காட்சி முடிந்ததும் பசையும் சாயமும் பூசிய அந்தப் பூ மறுசுழற்சிக்கும் உதவாமல் புலாவ் பூரோங்குக்குத்தான் போகும். அதற்குப் பதில் பெரெம்பாங் இலையையும் பூவையும் உற்றுப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரைந்த கண்ணுக்கு மரம் மறக்காது.

வெளியே போகும்போது

ஆறு விளையாட்டுத் திடல் கிடையாது. கெரியானில் முதலைகள் தென்பட்டதாகச் செய்திகள் வந்திருக்கின்றன. மாணவர்கள் யாரும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது. நீண்ட கம்பில் கட்டிய வாளியால் படகுத்துறையிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். படகில் ஏறினால் உயிர்காப்பு அங்கி கட்டாயம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. காலில் காயம் உள்ளவர்களைச் சேற்றில் நிறுத்த வேண்டாம், எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே உணவு. ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்காமல் சதுப்புக்குள் யாரையும் கூட்டிப் போகாதீர்கள். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் மூன்றும் கையில் இல்லாமல் பேருந்து ஏற வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை முதலிலேயே அழைத்துக்கொள்ளுங்கள். படகுக்காரரையும் மீனவரையும் அறிந்த ஒரு தகப்பனார் அங்கே கட்டாயம் இருப்பார்.

தொடங்கும் விதம்

முதல் ஆண்டுக்கு இரண்டு ஆசிரியர், ஒரு வகுப்பு போதும். கணிதமும் உயிரியலும் சேர்ந்தால் நல்லது. தமிழாசிரியர் உடன் வந்தால் இன்னும் நல்லது. ஆண்டுத் தொடக்கப் பணித்தியக் கூட்டத்துக்கு முன்பே இருவரும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வாரத்தில் எந்தக் கற்றல் தரம், எந்த உதாரணம் மாறப்போகிறது. நான்கு மாற்றங்களுக்குமேல் முதல் ஆண்டில் வேண்டாம். மழை அதிகமுள்ள ஏப்ரல், மே, செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் தண்ணீர்க் கணக்கையும், வெயில் வாரங்களில் குப்பைக் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம். விரவிவரும் கூறு என்ற இடத்தில் இனி வெறும் சொல்லை எழுதாமல், "கெரியான், மாதிரி 3" என்று எழுதுங்கள். அதிகாரி வந்து பார்த்தால் விளக்கிச் சொல்ல உங்களிடம் போத்தல் இருக்கும்.

எல்லாத் தரவையும் ஒரே கோப்பில் தேதி, மணி, இடம், எடுத்தவர் வகுப்பு என்று எழுதி நூலகத்தில் வையுங்கள். ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவார்கள், மாணவர்கள் எஸ்.பி.எம். முடித்துப் போவார்கள், கோப்பு இருந்தால் அடுத்த வகுப்பு முந்திய ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்றாவது ஆசிரியரை வற்புறுத்தி அழைக்க வேண்டாம். வெளுத்த போத்தலை ஆசிரியர் அறையில் ஒருநாள் வைத்துவிடுங்கள், அவரே வந்து கேட்பார்.